பன்னிரண்டு மேச்சேரிக் கிடாக்குட்டிகளும் தினம் ஒரு கிராம் ஈஸ்ட்டும்

2024 தை மாதத்தில் இரண்டு கிடாக்குட்டிகளை ஒரே இரவில் இழந்தேன். பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் மிஞ்சிய சோற்றை அண்டாவோடு கொண்டுவந்து கொடுத்தார்கள். வீணாகப் போகிறதே என்று நானே தொட்டியில் கொட்டினேன். முண்டியடித்துத் தின்ற இரண்டு குட்டிகளும் மாலைக்குள் அசைபோடுவதை நிறுத்திவிட்டன. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டுச் சுவரோரம் நின்றன. இடது விலாவுக்குப் பின்னால் அழுத்திப் பார்த்தால், தண்ணீர் நிரம்பிய தோல்பை போலத் தளதளவென்றிருந்தது. கால்நடை மருத்துவர் வந்து ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினார், ஊசியும் போட்டார். விடியும்போது இரண்டும் செத்துக் கிடந்தன.

அன்று காலை மருத்துவர் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். அவற்றில் பெரியது அசையூண் வயிறு. தழையையும் தட்டையையும் செரிப்பது ஆடு அல்ல. அந்த வயிற்றுக்குள் கோடிக்கணக்கில் வாழும் நுண்ணுயிர்கள். சோறு, மக்காச்சோள மாவு போன்ற மாவுப்பொருள் திடீரென்று நிறைய உள்ளே போனால், ஒரு வகை பாக்டீரியா மட்டும் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். அந்த அமிலத்தைத் தின்று அழிக்கும் வேறு வகைகளும் அங்கேயே இருக்கின்றன. ஆனால் அவை பெருகி வர நாளாகும். அதற்குள் வயிறு புளித்துவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஆட்டின் வயிற்றில் 6க்கும் 7க்கும் இடையில் இருக்க வேண்டும். 6க்குக் கீழே போனால் நார்ச்சத்தைச் செரிக்கும் உயிர்கள் சோர்ந்துவிடும். 5.5க்குக் கீழே இறங்கினால் ஆபத்து.

“கிடா கொழுக்க வேண்டும் என்றால் தானியம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் தம்பி. வயிற்றுக்கு அவகாசம் கொடுத்துக் கொடுங்கள்” என்றார். எழுந்து போகும்போதுதான் ஈஸ்ட்டைப் பற்றிச் சொன்னார். உயிருள்ள ஈஸ்ட்டைத் தீவனத்தில் கலந்தால் இந்த இக்கட்டான நாட்களைக் கடக்கக் கொஞ்சம் உதவும், முயன்று பார்க்கலாம் என்றார். அந்தக் “கொஞ்சம்” எவ்வளவு என்று என் கையாலேயே அளந்து பார்க்க நினைத்தேன். 2025 பக்ரீத்துக்கு வளர்த்த பட்டியில் அதைச் செய்தேன்.

எங்களுடையது சேலம் மாவட்டத்தில் மேச்சேரிப் பக்கம். இங்குள்ள செம்மறிக்கு ஊரின் பெயரேதான். வெளிர் பழுப்பு நிறம், கிடாவுக்கும் கொம்பு இல்லை, உடம்பில் ரோமம் குறைவு, கறிக்கும் தோலுக்கும் பெயர்பெற்றது. இந்த இனத்துக்கென்றே பொட்டனேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் சுற்று வட்டாரத்தில் நான்கு மாதம் தாண்டிய 12 கிடாக்குட்டிகளை வாங்கினேன். வந்ததும் குடற்புழு நீக்கம் செய்தேன். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி போட்டு, புது இடம் பழகும்வரை மேய்ச்சலும் நிலக்கடலைக் கொடியும் மட்டுமே கொடுத்தேன். தானியம் தின்று வளரும் குட்டிக்குத் துள்ளுமாரித் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. நன்றாகத் தின்று செழித்து நிற்கும் குட்டியைத்தான் அந்த நோய் முதலில் சாய்க்கும்.

ஈஸ்ட் வாங்கப் போனபோதுதான் அந்தப் பெயரில் மூன்று சரக்குகள் விற்கிறார்கள் என்று தெரிந்தது. ஒன்று, உலர்த்தப்பட்டும் உயிரோடு இருக்கும் ஈஸ்ட். ரொட்டிக்குப் போடும் அதே இனம்தான். சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்று உறையில் போட்டிருக்கும். இரண்டாவது, ஈஸ்ட்டையும் அது வளர்ந்த ஊடகத்தையும் சேர்த்து உலர்த்திய கலவை. அதில் உயிரணுக்களின் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் கிடையாது. மூன்றாவது, மதுபான ஆலையிலிருந்து வரும் செத்த ஈஸ்ட். அது நல்ல புரதத் தீவனம். எனினும் வயிற்றுக்குள் போய் உயிரோடு வேலை செய்யாது. எனக்கு வேண்டியது முதலாவது. ஒரு கிராமில் ஆயிரம் கோடி உயிரணுக்கள் என்று அச்சிட்ட ஒரு கிலோ பாக்கெட்டை 600 ரூபாய்க்கு வாங்கினேன். குட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம் என்று அதில் அளவு போட்டிருந்தது.

பக்கத்துக் காட்டுப் பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, “இதற்கு எதற்குக் கண்ணு காசு? புளித்த இட்லி மாவைக் கரைத்து ஊற்றினால் ஆகாதா?” என்றார். நியாயமான கேள்வி. இட்லி மாவைப் பொங்கவைத்துப் புளிக்கவைப்பது பெரும்பாலும் லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியா. அமிலத்தால் சாகும் வயிற்றுக்கு இன்னும் அமிலத்தை ஊற்றினால் என்ன ஆகும்? அந்தக் காலத்தில் ஆப்ப மாவில் கள் விட்டுப் பொங்கவைத்தார்களே, அங்கே வேலை செய்தது ஈஸ்ட். இப்படிச் சொன்னதும் பெரியப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

வயிற்றுக்குள் ஈஸ்ட் செய்யும் வேலையை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். அசையூண் வயிற்றின் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஆகாது. ஒவ்வொரு கவளத்தோடும், ஒவ்வொரு வாய்த் தண்ணீரோடும் கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே போகிறது. ஈஸ்ட் அந்த ஆக்சிஜனை இழுத்துத் தீர்த்துவிடுகிறது. லாக்டிக் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாவுக்கு வேண்டிய ஊட்டப்பொருட்கள் சிலவற்றையும் தருகிறது. அமிலம் சுரக்கும் வகையோடு சர்க்கரைக்குப் போட்டியும் போடுகிறது. ஆனால் அது அங்கே குடியேறாது. ஈஸ்ட்டுக்கு உகந்த சூடு சுமார் 30 டிகிரி. ஆட்டின் வயிறோ 39 டிகிரி. வந்த ஈஸ்ட் வேலையைச் செய்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விடும். ஆகவே தினமும் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை மொத்தமாகக் கொடுத்துப் பயனில்லை.

பன்னிரண்டையும் எடை போட்டு, எடை வரிசைப்படி இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தேன். ஒவ்வொரு ஜோடியிலும் எது எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்தேன். இல்லாவிட்டால் என் கை என்னை அறியாமலே நல்ல குட்டியை ஈஸ்ட் பக்கம் தள்ளிவிடும். ஆறுக்குச் சிவப்புக் கழுத்துக்கயிறு, ஆறுக்கு நீலம். தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய ஒரே ஆட்டுப் பரணை நடுவில் தட்டி வைத்துப் பிரித்தேன். காற்று, வெயில், தண்ணீர் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. தொட்டியில் குட்டிக்கு ஓர் அடி இடம் வருமாறு பார்த்துக்கொண்டேன். சிவப்புக்கு ஈஸ்ட் கலந்த தவிடு, நீலத்துக்கு அதே அளவு வெறும் தவிடு.

அடர்தீவனம் நானே அரைத்தது. நூறு கிலோவுக்கு மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 20, கோதுமைத் தவிடு 20, எண்ணெய் எடுத்த அரிசித் தவிடு 17, தாது உப்பு 2, கல்லுப்பு 1. தாது உப்பு வாங்கும்போது மாட்டுக்கானதை வாங்கிவிடாதீர்கள். மாட்டுக்குத் தேவையான தாமிரம் செம்மறிக்கு விஷம். ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் திடீரென்று கொன்றுவிடும். வெள்ளாட்டைவிடவும் செம்மறிக்குத் தாமிரம் தாங்காது. காலையிலும் மாலையிலும் நறுக்கிய கோ-4 புல், வாரம் மூன்று நாள் வேலிமசால் தழை, இரவுக்கு நிலக்கடலைக் கொடி. அடர்தீவனம் போடுவதற்கு முன்னால் எப்போதும் கொடியைப் போட்டுவிடுவேன். நார் உள்ளே போய் அசை தொடங்கினால் எச்சில் ஊறும். அந்த எச்சிலே வயிற்றின் அமிலத்தைத் தணிக்கும் மருந்து.

ஆறு கிராம் ஈஸ்ட்டை இரண்டு கிலோத் தீவனத்தில் நேராகத் தூவினால் ஒரு குட்டி வாயிலேயே பாதி போய்விடும். ஆகவே பொன் எடைபோடும் சின்னத் தராசில் ஆறு கிராம் நிறுத்து, முதலில் ஒரு கைப்பிடித் தவிட்டில் விரலால் பிசறி, பிறகு 200 கிராம் தவிட்டில் கலந்து, கடைசியாகத் தீவனத்தில் சேர்த்தேன். எங்கள் வீட்டில் தவிட்டைக் கஞ்சித்தண்ணீர் விட்டுப் பிசிறிப் போடுவது வழக்கம். அப்படியே செய்தேன். அதில்தான் ஒன்பது நாள் வீணானது.

பத்தாம் நாள் காலை மனைவி கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். நான் ஈஸ்ட் கலந்த தவிட்டை நீட்டினேன். கஞ்சியிலிருந்து ஆவி பறந்தது. அவள் கையை நிறுத்திக்கொண்டு, “பன் மாவுக்கே நான் வெதுவெதுப்பான தண்ணீர்தானே விடுகிறேன், நீங்கள் இதைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றச் சொல்கிறீர்களே?” என்று கேட்டாள். சந்தேகம் தீரட்டும் என்று அப்போதே இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்தோம். இரண்டிலும் ஒரு தேக்கரண்டி நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், மற்றொன்றில் அப்போதுதான் வடித்த கஞ்சியின் தெளிவு.

முதல் தம்ளரில் ஐந்து நிமிடத்தில் அடியிலிருந்து மணிமணியாகக் குமிழிகள் ஏறின. கால் மணி நேரத்தில் விரற்கடை உயரத்துக்கு நுரை கட்டிவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் இளங்கள்ளின் வாசனை. இரண்டாவது தம்ளரில் ஈஸ்ட் சேறு போல அடியில் படிந்து கிடந்தது. ஒரு குமிழிகூட இல்லை. அரை மணி நேரம் வைத்துப் பார்த்தோம்; அப்படியேதான் இருந்தது. ஈஸ்ட் 50 டிகிரிக்கு மேல் சாகத் தொடங்கும். வடித்த கஞ்சி அதைவிட எவ்வளவோ சூடு. ஒன்பது நாட்களாக என் குட்டிகள் தின்றது செத்த ஈஸ்ட்.

அந்த ஒன்பது நாளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். 2025 மார்ச் 5, புதன்கிழமை காலை, தீவனமும் தண்ணீரும் காட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் மறுபடி எடை போட்டேன். சிவப்பின் சராசரி 13.1 கிலோ, நீலம் 13.2. அன்றைய நாளையே முதல் நாளாக வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தவிட்டைப் பச்சைத் தண்ணீரில் பிசிறினேன். ஆலையில் சூட்டோடு பிழிந்து எடுக்கும் குச்சித் தீவனத்திலும் இதே பிரச்சினை உண்டு. வெப்பம் தாங்கும்படி பூச்சு கொடுத்த ஈஸ்ட்டாக இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி போய்விடும்.

முதல் பதினான்கு நாட்களில் குட்டிக்கு 100 கிராமில் தொடங்கி 150 கிராம் அடர்தீவனம். எடையில் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு பக்கமும் சராசரியாக 1.2 கிலோ ஏறியிருந்தது. வயிற்றுக்குச் சிரமம் இல்லாதபோது ஈஸ்ட்டுக்கும் அங்கே வேலை இல்லை என்று இப்போது புரிகிறது.

பிறகு வாரத்துக்கு 50 கிராம் வீதம் ஏற்றி, 42ஆம் நாளில் 350 கிராமுக்குக் கொண்டுவந்தேன். இந்த நான்கு வாரமும் பரணை விட்டு நான் அதிகம் நகரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை குட்டிகள் படுத்து அசைபோடுகின்றன என்று எண்ணினேன். அசைபோடும் குட்டியின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், உருண்டை கீழிருந்து மேலே ஏறுவது தோலுக்கடியில் தெரியும். கன்னம் உப்பும், தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கும். கண் பாதி மூடிக்கொள்ளும். பார்க்கப் பார்க்க நமக்கே நிம்மதி வரும். தீவனத்தை ஏற்றிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் சிவப்புப் பக்கம் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து அசைபோட்டன. நீலப் பக்கம் இரண்டு, மூன்று. மூன்றாம் நாளுக்குப் பிறகு நீலமும் சரியாகிவிடும். மறுபடி ஏற்றினால் மறுபடி அதே கதை.

புழுக்கையும் அதையே சொன்னது. காலையில் பரணுக்கு அடியில் பெருக்கும்போது சிவப்புப் பக்கம் தனித்தனியாக, கெட்டியாக, மினுமினுப்பாக உதிர்ந்து கிடந்தது. நீலப் பக்கம், ஏற்றிய நாட்களில் மட்டும், ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. கொத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே மக்காச்சோள நொய் செரிக்காமல் தெரிந்தது.

இருபத்தைந்தாம் நாள் நீலக் கயிறு நான்காம் குட்டிக்குக் கழிச்சல் கண்டது. தொட்டியில் மற்றவற்றை இடித்துத் தள்ளித் தின்னும் குட்டி அது. நான்கு நாட்களுக்கு அடர்தீவனத்தை நிறுத்தி, கொடியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துத் தேற்றினேன். ஈஸ்ட் பக்கம் மட்டும் தப்பியது என்று சொல்ல மாட்டேன். சிவப்பிலும் ஒரு குட்டி, அண்டை வீட்டுப் பையன் மாலைத் தீவனத்தை இரண்டு முறை போட்டுவிட்ட அன்று, மறுநாள் முழுக்க இளகலாகப் போட்டது. அளவு தவறினால் ஈஸ்ட் கைகொடுக்காது. சோற்று அண்டாவுக்கு முன்னால் ஒரு கிராம் எம்மாத்திரம்?

ஏப்ரலில் இன்னொரு பாடம். தகரக் கொட்டகையில் தீவன மூட்டைகளோடு ஒரு டப்பாவில் கொஞ்சம் ஈஸ்ட்டை எடுத்து வைத்திருந்தேன். மீதி வீட்டு ஃபிரிட்ஜில். இரண்டு வாரம் கழித்துத் தம்ளர் சோதனை செய்தபோது, கொட்டகை ஈஸ்ட்டில் நுரை ஏடு போலத்தான் வந்தது. ஃபிரிட்ஜில் இருந்தது பொங்கி விளிம்பைத் தொட்டது. அன்றிலிருந்து மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வருகிறேன். தவிட்டில் கலந்து வைத்துக்கொள்வதும் இல்லை. அன்றன்றைக்கு அன்றன்றைக்குக் கலவை.

மே 28, 84 நாள் முடிந்ததும், கடைசி எடை. சிவப்பு சராசரி 23.4 கிலோ, ஏறியது 10.3. நீலம் 22.5, ஏறியது 9.3. நாள் கணக்கில் சுமார் 123 கிராமும் 111 கிராமும். நோட்டைப் பார்த்தால் இந்த ஒரு கிலோ வித்தியாசம் எங்கே விழுந்தது என்பது பளிச்சென்று தெரிகிறது. இரண்டாம் பதினான்கு நாளில் சிவப்பு 1.7, நீலம் 1.3. மூன்றாவதில் 1.9, 1.4. நான்காவதில் 1.9, 1.8. கடைசி இரண்டிலும் இரண்டு பக்கமும் 1.8. தானியத்தை ஏற்றிய நான்கு வாரத்தைத் தவிர மற்ற நாட்களில் ஈஸ்ட் எடையாகப் பெரிதாக எதையும் தரவில்லை.

கழிச்சல் கண்ட நீல நான்காம் குட்டி 84 நாளில் 6.8 கிலோதான் ஏறியது. அதை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் பார்த்தால் நீலத்தின் ஏற்றம் 9.8 ஆகிவிடுகிறது; வித்தியாசம் அரை கிலோவாகச் சுருங்குகிறது. சிவப்பிலேயே ஒரு குட்டி 8.9 மட்டுமே ஏறியது. ஆறு குட்டிகளை வைத்துக்கொண்டு இந்த அரை கிலோ ஈஸ்ட்டால் வந்ததா, குட்டியின் பிறவிச் சுபாவத்தால் வந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது. பெரிய ஆராய்ச்சிப் பண்ணைகளில் செய்த சோதனைகளிலும் முடிவு ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் எடை கூடியிருக்கிறது, சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. தீவனத்தில் தானியம் எவ்வளவு, நார் எவ்வளவு, எந்த ஈஸ்ட், எவ்வளவு உயிரோடு இருந்தது என்பதையெல்லாம் பொறுத்தது அது. “கலந்தால் கிடா ஊதிவிடும்” என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை முற்றிலும் தடைசெய்தது. அந்த இடத்துக்கு வேறு எதையாவது கொண்டுவர வேண்டிய கட்டாயத்தில் ஈஸ்ட் மீது கவனம் கூடியது. கூடவே விளம்பரமும் கூடிவிட்டது.

செலவு அரை கிலோ ஈஸ்ட். 300 ரூபாய், குட்டிக்கு 50. சூட்டில் கொன்ற ஒன்பது நாள் சரக்கையும் சேர்த்தால் இன்னும் 32 ரூபாய்.

ஜூன் 4 புதன்கிழமை, பக்ரீத்துக்கு மூன்று நாள் முன்னதாக, பன்னிரண்டையும் மேச்சேரிச் சந்தைக்கு ஓட்டிப் போனேன். அங்கே தராசு கிடையாது. வியாபாரி இடுப்புக்கு மேலே முதுகெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தி, சதை எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்ப்பார். வாலடியைப் பிடித்துப் பார்ப்பார். அவ்வளவுதான் அளவு. ஒரே வியாபாரி பதினொன்றையும் தலைக்கு ஒரே விலையில் எடுத்தார். சிவப்புக் கயிறு, நீலக் கயிறு என்று பிரிக்கவில்லை. நீல நான்காம் குட்டியை மட்டும் தனியே ஒதுக்கி, 1,200 ரூபாய் குறைத்துக் கேட்டார். அந்த இடத்தில்தான் என் கணக்கு எனக்குத் தெளிவானது. சராசரியில் ஏறும் அரை கிலோவுக்குச் சந்தை எனக்குக் காசு தரவில்லை. பின்தங்கும் ஒரு குட்டிக்கு, செத்துப்போகும் ஒரு குட்டிக்குத்தான் நான் விலை கொடுக்கிறேன். ஈஸ்ட்டுக்காக நான் செலவிடும் 50 ரூபாய் அந்தக் குட்டிக்காகத்தான்.

அடுத்த பட்டிக்கு 16 குட்டிகள் வந்திருக்கின்றன. இந்த முறை பாதிக்கு 84 நாளும் ஈஸ்ட், மீதிப் பாதிக்குத் தானியம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஆறு வாரம் மட்டும். இரண்டும் ஒரே எடையில் வந்தால் செலவு பாதியாகும். எல்லோருக்கும் தானியத்தை வாரத்துக்கு 50 கிராமுக்குப் பதிலாக, மூன்று நாளைக்கு ஒருமுறை 20 கிராமாக ஏற்றப் போகிறேன். பரணுக்கு முன்னால் ஒரு பலகையில், மிஞ்சிய சோற்றை இங்கே கொட்ட வேண்டாம் என்று சுண்ணாம்பால் எழுதி மாட்டிவிட்டேன்.